ஏ.ஐ.எஸ்., ஜி.ஐ.எஸ். பிரேக்கர்கள்: பார்த்து அறிவதும் பணியில் அணுகுவதும்

திருநெல்வேலி வட்டாரத்துத் துணைமின் நிலையங்களுக்குப் பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர்கள் பலர், திறந்தவெளி யார்டில் நிற்கும் ஏ.ஐ.எஸ். (காற்றை இன்சுலேஷனாகக் கொண்ட) பிரேக்கரும் கூடத்துக்குள் இருக்கும் ஜி.ஐ.எஸ். (வாயுவை இன்சுலேஷனாகக் கொண்ட) பிரேக்கரும் அடிப்படையிலேயே வெவ்வேறானவை என்று எண்ணிக்கொள்கிறார்கள். 110 கே.வி., 230 கே.வி. நிலைகளில் மின்னோட்டத்தைத் துண்டிக்க இப்போது அமைக்கப்படும் பிரேக்கர்களில், பெரும்பாலும் இரண்டு வகையிலும் ஆர்க்கை (காண்டாக்ட் பிரியும்போது எழும் மின்பொறியை) அணைப்பது எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு) வாயுதான்; காண்டாக்ட்டை இயக்குவதும் மோட்டாரால் சார்ஜ் செய்யப்படும் ஸ்பிரிங்தான். ஆர்க் அணையும் அறையைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதே வேறுபாடு. பராமரிப்பும் பாதுகாப்பும் அதையொட்டியே மாறுகின்றன.

முதலில் அடையாளம். இந்தியாவின் ஏ.ஐ.எஸ். யார்டுகளில் அதிகம் காணப்படுவது லைவ் டேங்க் வகை. பேஸுக்கு ஒன்றாக மூன்று பீங்கான் கம்பங்கள் நிற்கும். மேல் பீங்கானுக்குள் உள்ள ஆர்க் அறை முழு மின்னழுத்தத்தில் இருக்க, கீழ்ப் பீங்கான் அதைத் தாங்குவதோடு தரையிலிருந்து பிரித்தும் வைக்கும். மின்னோட்டத்தை அளக்க உதவும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) பக்கத்தில் தனிக் கம்பமாக நிற்கும். ஜி.ஐ.எஸ்ஸில் அதே ஆர்க் அறை, எர்த் செய்யப்பட்ட அலுமினிய உறைக்குள் வாயு சூழ அடங்கியிருக்கும்; சி.டி. உறையோடு சேர்ந்த வளையமாகிவிடும். பிரேக்கரின் வாயு அறையை அடுத்த அறையிலிருந்து எபாக்சி ஸ்பேசர் பிரித்து வைக்கும். காற்றை விட எஸ்.எஃப்.6 சுமார் இரண்டரை மடங்கு மின்னழுத்தத்தைத் தாங்குவதாலும், அழுத்தம் ஏற்றி அடைக்கப்படுவதாலும், ஏ.ஐ.எஸ். கேட்கும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே ஜி.ஐ.எஸ்ஸை அமைத்துவிட முடிகிறது.

நம் வட்டாரத்தில் நிலத்தை விடக் காற்றும் உப்புமே பெரிய கேள்வி. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, பணகுடி, இராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று புழுதியைத்தான் கொண்டுவரும். பீங்கானைக் கழுவ மழை இராது. இடிந்தகரை, உவரிக் கரையோரத்தில் கடல் உப்பும் சேரும். மாதக்கணக்கில் படிந்த இந்தப் படலம் காய்ந்திருக்கும் வரை தொல்லை குறைவு. ஐப்பசியின் முதல் தூறலோ விடியற்காலைப் பனியோ அதை நனைக்கும்போதுதான் கசிவு மின்னோட்டம் கூடி, பீங்கானின் மேற்பரப்பு வழியே மின்சாரம் பாயும் ஃபிளாஷ்ஓவர் நேர்கிறது. பெருமழை அந்தப் படலத்தைக் கழுவிவிடும் என்பதால், அஞ்ச வேண்டியது தூறலைத்தான். எனவே கடலோர ஏ.ஐ.எஸ். பிரேக்கருக்குக் கே.வி.க்கு 31 மி.மீ. கிரீப்பேஜ் (பீங்கானின் மேற்பரப்பை ஒட்டி அளக்கும் தூரம்) கேளுங்கள், 245 கே.வி. வகுப்பில் அது ஏறத்தாழ 7,600 மி.மீ. ஆகும். பீங்கான் துடைக்கும் பணியைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஜி.ஐ.எஸ்ஸில் இந்தக் கவலை லைன் உறைக்குள் நுழையும் இன்சுலேட்டரான புஷிங்கோடு நின்றுவிடும். கடலோரத்துக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பணிக்காக எல்.சி. (லைன் கிளியர் என்னும் பணி அனுமதி) வாங்கும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஏ.ஐ.எஸ்ஸில் பிரேக்கரைத் திறந்து, இரு பக்கமும் பிரித்து வைக்கும் சுவிட்சுகளான ஐசோலேட்டர்களின் கைகளும் விலகி நிற்பதைக் கண்ணால் பார்த்து, மின்சாரம் இல்லை என்று டிடெக்டரால் உறுதி செய்து, அதன் பிறகே எர்த் ராடு போடுகிறோம். ஜி.ஐ.எஸ்ஸில் அந்தக் கைகள் உறைக்குள் இருக்கின்றன. எர்த் ராடு மாட்டவும் இடமில்லை. அங்கே கண்ட்ரோல் கேபினட் விளக்கை மட்டும் நம்பாமல், இயக்கத் தண்டோடு இணைந்த இண்டிகேட்டரையும், வியூ போர்ட் இருந்தால் அதன் வழியே காண்டாக்ட்டின் நிலையையும் பேஸ் வாரியாகப் பார்க்க வேண்டும். பிறகு உள்ளமைந்த எர்த்திங் சுவிட்சை மூடி, பூட்டுப் போட்டு, சாவியை எல்.சி. வாங்கியவரிடம் ஒப்படைக்க வேண்டும். விளக்கு பச்சையாக எரிவது விளக்குச் சுற்றை இயக்கும் துணை காண்டாக்ட்டின் நிலையை மட்டுமே சொல்லும்.

வாயுவின் அளவை இரண்டிலும் டென்சிட்டி மானிட்டர் (வாயு அடர்த்தியைக் காட்டும் கருவி)தான் காட்டுகிறது. அளவு குறைந்தால் முதலில் அலாரம் வரும். மேலும் குறைந்தால் பிரேக்கர் இயங்காதபடி லாக்அவுட் ஆகும். வெயிலில் அழுத்தம் ஏறினாலும் அளவு மாறாதபடி வெப்பத்தைக் கழித்துக் காட்டுவது இதன் வேலை. ஆனால் நம் சித்திரை வெயில் மானிட்டரின் முகத்தில் நேராக அடித்து, உள்ளே இருக்கும் வாயுவை விட அதைச் சூடாக்கிவிட்டால், இருப்பதை விடக் குறைத்துக் காட்டும். ஆகவே திறந்தவெளியில் உள்ளதை வெயில் ஏறுமுன் படித்து, வெப்பநிலையோடு பதிவேட்டில் எழுதுங்கள். உண்மையிலேயே கசிந்தால், கூடத்துக்குள் ஆபத்து வேறு: காற்றை விட சுமார் ஐந்து மடங்கு கனமான இந்த வாயு கேபிள் டிரெஞ்சில் தேங்கி ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். தரையோர எக்ஸாஸ்ட் மின்விசிறியை ஓடவிட்டு, ஆக்சிஜன் அளவைச் சோதித்த பிறகே இறங்க வேண்டும். புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடை விட 20,000 மடங்குக்கும் மேல் வலியது என்பதால், வாயுவை ஒருபோதும் வெளியே திறந்துவிடாமல் மீட்புக் கருவியால் சேகரிக்க வேண்டும்.

காண்டாக்ட் மின்தடை சோதனைக்கு ஏ.ஐ.எஸ்ஸில் டெர்மினல்களிலேயே கிளிப்பை மாட்டலாம். ஜி.ஐ.எஸ்ஸில் பெரும்பாலும் எர்த்திங் சுவிட்சின் வெளி இணைப்புப் பட்டையைக் கழற்றி, அதன் வழியே மின்னோட்டம் செலுத்த வேண்டும். முடிந்ததும் அந்தப் பட்டையை மறுபடி பூட்டியதை இருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

உள்ளே பழுதானால் ஜி.ஐ.எஸ். நம் பொறுமையைச் சோதிக்கும். ஏ.ஐ.எஸ்ஸில் உதிரி கம்பம் இருந்தால் கிரேன் வைத்து மாற்றிவிடலாம், ஜி.ஐ.எஸ்ஸில் பழுதான அறையின் வாயுவை முழுதும் மீட்டு, அடுத்த அறைகளின் அழுத்தத்தையும் குறைத்துவிட்டே திறக்க வேண்டும். ஆர்க் எரிந்த அறையில் வெண்பொடி படிந்திருக்கும். அது நச்சு, ஈரம் பட்டால் அமிலமாகும். முகக்கவசம், கையுறை, முழு உடை இல்லாமல் யாரையும் அருகே விடக் கூடாது. பொடியைத் துடைத்து அல்ல, அதற்கான வேக்குவம் கருவியால் உறிஞ்சியே முதலில் எடுக்க வேண்டும்.