நம்பர் பிளேட் கேமரா: உங்கள் ஊர் போலீஸின் கொள்கையை எங்கெங்கே தட்டிப் பார்ப்பது?

தெருமுனைக் கம்பத்திலும் ரோந்துக் காரிலும் இருக்கும் இந்தக் கேமரா, கடந்துபோகும் எல்லா வண்டிகளின் எண்ணையும் இடம், நேரத்தோடு பதிந்துவைக்கிறது. போலீஸ் தேடும் வண்டிகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் எச்சரிக்கை மணி அடிக்கிறது. கலிஃபோர்னியாவில் இதற்குக் கடிவாளம் 2016 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் எஸ்.பி. 34 சட்டம். ஆனால் 2020-இல் மாநிலத் தணிக்கையாளர் பார்த்தபோது லாஸ் ஏஞ்சலஸ் போலீஸிடம் 32 கோடி படங்கள் இருந்தன. அவற்றில் 99.9 சதவீதம், படமெடுத்த நேரத்தில் யாரும் தேடாத வண்டிகள். இந்தக் கேமராவுக்கென்று எழுதிய கொள்கையும் அப்போது அந்தத் துறையிடம் இருக்கவில்லை.

முதலில் துறையின் இணையதளத்தில் கொள்கையைத் தேடுங்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி அதை வெளியிடுவது சட்டக் கட்டாயம். கிடைத்தால், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காலத்தைக் குறிப்பிடச் சொல்லும் எஸ்.பி. 34, உச்சவரம்பு வைக்கவில்லை. கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படைக்கு வரம்பு 60 நாள், மெய்ன் மாநிலத்தில் 21 நாள், நியூ ஹாம்ப்ஷயரில் பட்டியலோடு பொருந்தாத எண்ணுக்கு 3 நிமிடம். சர்வரில் அழித்தாலும் தரவிறக்கிய நகல் அலுவலகக் கணினியில் கிடக்கும். நகலையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

அடுத்து, எச்சரிக்கை மணி அடித்தால் என்ன செய்வார்கள்? 2020 ஆகஸ்டில் கொலராடோவின் அரோரா நகரில், குழந்தைகளோடு காரில் இருந்த குடும்பத்தைத் துப்பாக்கி முனையில் தரையில் படுக்க வைத்தார்கள். திருடுபோனது அதே எண் கொண்ட மொன்டானா மோட்டார் சைக்கிள். எண், மாநிலம், வண்டி வகை மூன்றையும் கண்ணால் சரிபார்த்து, கட்டுப்பாட்டு அறையிலும் உறுதி செய்தபிறகே நிறுத்தலாம் என்ற வரி கொள்கையில் இருக்க வேண்டும். கையால் பட்டியலில் சேர்த்த எண் ஒவ்வொன்றுக்கும் சேர்த்தவர் பெயர், காரணம், காலாவதித் தேதி வேண்டும். மீட்கப்பட்ட வண்டி பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வது அதன் சொந்தக்காரர்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தேடல் பதிவு. தேதி, நேரம், தேடிய எண், தேடியவர், நோக்கம் ஆகியவை பதிவாக வேண்டும் என்கிறது சட்டம். அது போதாது. கேன்சஸின் செட்ஜ்விக் நகரில் போலீஸ் தலைவரே தன் முன்னாள் காதலியின் வண்டியையும் அவருடைய புதிய நண்பரின் வண்டியையும் 228 முறை தேடியிருந்தார். காரணக் கட்டத்தில் பொய்யை நிரப்ப யாராலும் முடியும். அதனால் வழக்கு எண் இல்லாமல் தேடல் ஓடவே கூடாது; மாதந்தோறும் ஏதேனும் 30 தேடல்களை எடுத்து, துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் வழக்குக் கோப்போடு ஒப்பிட வேண்டும். பதிவை எண் வாரியாக வரிசைப்படுத்தினால், ஒரே ஆள் ஒரே வண்டியைத் திரும்பத் திரும்பத் தேடியது உடனே தெரியும். பலர் ஒரே லாகினைப் பயன்படுத்தினால் இதெல்லாம் வீண்.

பகிர்வு: இந்தத் தரவைப் பிற மாநிலங்களுக்கும் கூட்டாட்சி அமைப்புகளுக்கும் தரக்கூடாது என்று கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) 2023 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டார். கொள்கையில் அப்படியே எழுதியிருந்தாலும் மென்பொருளில் நாடு தழுவிய தேடல் திறந்தே கிடக்கலாம். மென்பொருளில் இன்று அனுமதி உள்ள துறைகளின் பட்டியலைக் கேளுங்கள்.

இதற்குக் கலிஃபோர்னியாவின் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். தர முடியுமா என்பதை 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். மேலும் 14 நாள் வரை நீட்டிக்கலாம். பகிர்வுப் பட்டியல், கடைசி 3 மாதத் தேடல் பதிவு, தணிக்கை அறிக்கைகள், கேமரா நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் இவற்றைக் கேளுங்கள். படங்களைக் கேட்காதீர்கள்; அது மற்றவர்களின் நடமாட்டம். பதிவில் எண்களைக் கறுப்படித்துத் தந்தால் திரும்பத் திரும்பத் தேடியது மறைந்துபோகும். ஒவ்வொரு எண்ணுக்கும் பதிலாக ஒரு குறியீடு இட்டு, பி.டி.எஃப். அல்லாமல் எக்செல் கோப்பாகத் தரும்படி எழுதுங்கள். மறுத்தால், 10 முறைக்கு மேல் தேடப்பட்ட வண்டிகள் எத்தனை என்று நகர மன்றக் கூட்டத்தில் கேளுங்கள்.