எச்.ஐ.வி. டெஸ்ட்டா? முதலில் நாளை எண்ணுங்கள்

எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பத்துக்காரர் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க மலையேறிக் குமுளிக்குப் போவார், குமுளியில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர் அதே டெஸ்டுக்குக் கம்பத்துக்கு இறங்கி வருவார், இரண்டு பேருமே தெரிந்த முகத்தில் முழிக்கக் கூடாது என்றுதான் பஸ் ஏறுகிறார்கள். நடுவில் லோயர் கேம்ப் டீக்கடையில் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் என்ன சொல்லிச் சமாளிப்பார்களோ!

போங்கள், தப்பே இல்லை. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் 'நம்பிக்கை மையம்' எங்கே என்று கேளுங்கள், கேரளாவில் 'ஜ்யோதிஸ்'. காசு கிடையாது, வெறும் வயிற்றோடு போகவும் வேண்டாம். உங்கள் சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுக்க வேண்டும், முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது.

ஆனால் எந்த ஊர் என்பதைவிட, தொற்று வந்திருக்கலாம் என்று பயப்படும் சம்பவம் நடந்து எத்தனையாவது நாள் என்பதுதான் விஷயம். சாதாரண டெஸ்ட் வைரஸைத் தேடுவதில்லை, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது, அது ரத்தத்தில் பிடிபடும் அளவுக்குச் சேர 23 முதல் 90 நாள் ஆகும். நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட், பி24 என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்துப் பிடிப்பதால் 18 முதல் 45 நாளில் சொல்லிவிடும். வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' டெஸ்டுக்கு 10 முதல் 33 நாள், விலைதான் அதிகம். ஆக, பத்தாம் நாள் போய் 'நெகட்டிவ்' என்று எழுதி வாங்கி வருவதெல்லாம், நேற்று நட்ட ஏலச்செடியில் இன்றைக்குக் காய் தேடுகிற கதைதான். நடுவில் புதிதாக எதிலும் மாட்டாமல், 90 நாள் கழித்தும் நெகட்டிவ் என்றால் நம்பலாம்.

சரி, பாசிட்டிவ் என்று வந்தால்? என் பங்காளி ஒருவருக்கு ஒரு தனியார் லேபில் ஒரே கிட்டில் பார்த்து 'ரியாக்டிவ்', அதாவது தொற்று இருக்கலாம், என்று தாளை நீட்டிவிட்டார்கள், மனுஷன் இரண்டு நாள் சோறு தொடவில்லை. அப்புறம் நம்பிக்கை மையத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. இது எப்படி என்றால், ஒரு கணக்குப் போடுங்கள்: இந்தியாவில் பெரியவர்கள் 1000 பேரில் சுமார் 2 பேருக்குத்தான் தொற்று, ஒரு நல்ல கிட்டே 1000 பேரில் 5 பேருக்குத் தப்பாக ரியாக்டிவ் கோடு காட்டுகிறது என்று வையுங்கள், கோடு விழுந்த 7 பேரில் 5 பேருக்கு வியாதியே இருக்காது. அதனால்தான் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அரசு மையத்தில் முதல் கிட் ரியாக்டிவ் என்றால் அதே ரத்தத்தை வேறு வேறு இரண்டு கிட்டிலும் பார்க்கிறார்கள், மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ். ஒன்றுக்கொன்று முரணாக வந்தால் சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள், போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சம்பவம் நடந்து 72 மணி நேரம்கூட ஆகவில்லையா? டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், தொற்றைத் தடுக்கும் 'பெப்' மாத்திரை தரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்கு போன் போடுங்கள், இலவசம்தான்.