நாக்கு கேட்கிறது: 'கிரேவ்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கையாளும் முறை

மாலை ஆறு மணிக்குச் சேலத்தின் ஏதேனும் ஒரு தெருமுனையில் தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டியைக் கடக்கும்போது, வயிறு நிறைந்திருந்தாலும் நாக்கு கேட்கும். அந்தக் கேட்பைத்தான் ஆங்கிலம் 'கிரேவ்' என்னும் வினைச்சொல்லால் குறிக்கிறது. அகராதியில் 'ஏங்கு' என்று பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, 'நாக்கு கேட்கிறது' என்று மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. அதற்கான காரணம் அச்சொல்லின் வரலாற்றிலேயே இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவடிவம் ஆசையைக் குறிக்கவே இல்லை. தனக்கு வரவேண்டியதை உரிமையோடு கேட்பதையே குறித்தது. பின்னர் அது பணிந்து வேண்டுவதைக் குறித்து, 14ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான் உள்ளூர எழும் கடும் விருப்பத்துக்கு வந்து சேர்ந்தது. நமக்கு இது புதிதன்று. 'வேண்டு' என்னும் ஒரே வினையிலிருந்து கோயிலில் வைக்கும் வேண்டுதலும், கடையில் நின்று 'காபி வேண்டும்' என்று சொல்வதும் பிறந்திருக்கின்றன. கேட்பதும் விரும்புவதும் தமிழில் ஒரே வேரில் நிற்பதைப் போலவே 'கிரேவ்' என்பதிலும் நிற்கின்றன.

பொருளுக்கு முன் ஒலிப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழெழுத்தில் 'கிரேவ்' என்று எழுதினால், ஆசையைக் குறிக்கும் சொல்லும் கல்லறையைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகிவிடுகின்றன. ஆசைக்கு உரிய முதலொலி 'கல்' என்பதில் வரும் வல்லொலி. கல்லறைக்கு உரியது 'அங்கே' என்பதில் வரும் மெல்லிய ககரம். புரோட்டாவுக்கு ஊற்றும் கிரேவியும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. இந்த ஒலி வேறுபாட்டைப் பழகாதவர், காபி வேண்டும் என்று சொல்லப் போய்ச் சுடுகாட்டுப் பக்கம் இறங்கிவிடும் வாய்ப்பு உண்டு.

வாக்கியத்தில் அமைக்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. தமிழில் ஆசை நமக்கு வருவது: 'எனக்கு ஆசையாக இருக்கிறது' என்கிறோம். ஆங்கிலத்தில் ஆசைப்படுபவரே எழுவாயாக நிற்க வேண்டும். ஆகவே 'டு மீ கிரேவிங் இஸ் கமிங்' என்று நான்காம் வேற்றுமையை அப்படியே சுமந்துகொண்டு போகாமல், 'ஐ கிரேவ் ஃபில்டர் காஃபி' என்று நேராகச் சொல்ல வேண்டும். வினையாக வரும்போது விரும்பப்படும் பொருள் உடனே பின்னால் வந்துவிடும்; இடையில் 'ஃபார்' தேவையில்லை. அதைச் சேர்த்து எழுதுவோரும் உண்டு என்றாலும், விட்டு எழுதுவதே இயல்பாக ஒலிக்கும். பெயர்ச்சொல்லாக்கினால் நிலைமை தலைகீழ்: 'ஐ ஹேவ் எ கிரேவிங் ஃபார் ஃபில்டர் காஃபி' என்பதில் 'எ', 'ஃபார்' ஆகிய இரண்டும் கட்டாயம். நம் வகுப்பறைகளில் அடிக்கடி கேட்கும் 'ஐ ஆம் ஹேவிங் கிரேவிங்' அந்த 'எ' இல்லாமல் முடமாக நிற்கிறது. 'ஐ ஆம் கிரேவிங்' என்னும் தொடர்வடிவத்தைப் பழைய இலக்கண ஆசிரியர்கள் விரும்பமாட்டார்கள். ஆனால் இன்றைய பேச்சில் அது தாராளமாக வழங்குகிறது, அதில் தவறு காண நான் தயாரில்லை. கர்ப்பிணியின் மசக்கையைப் போலப் பலவற்றின்மீது அடுத்தடுத்து எழும் ஆசைகளுக்குப் பன்மையில் 'கிரேவிங்ஸ்' என்பது வழக்கம். கார்த்திகை மாதத்தில் மல்கோவா கேட்கும் பெண்ணின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

உணவுக்கு மட்டும் உரியதன்று இச்சொல். குழந்தை கவனத்தையும், தனித்திருப்பவர் அன்பையும், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறிவரும் நகரவாசி அமைதியையும் 'கிரேவ்' செய்யலாம். இல்லாவிட்டால் உடலோ மனமோ தவிக்கும் என்னும் நெருக்கடி இருந்தால் போதும். தொலைவாலும் பிரிவாலும் வரும் ஏக்கத்துக்கோ 'லாங் ஃபார்' என்பதே உரியது. சென்னை விடுதியில் தங்கிப் படிக்கும் சேலத்துப் பையன் தன் அம்மாவுக்காக 'லாங்' செய்கிறான். அவர் வைக்கும் அரிசிம்பருப்புச் சோற்றை 'கிரேவ்' செய்கிறான்.

இச்சொல்லின் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் நீதிமன்றம். மனுக்களில் 'தி பெட்டிஷனர் கிரேவ்ஸ் லீவ் ஆஃப் திஸ் ஹானரபிள் கோர்ட்' என்று தொடங்கி, கூடுதல் ஆவணங்களைத் தாக்கல் செய்யவோ வாதங்களைச் சேர்க்கவோ வழி கேட்பார்கள். இங்கே 'லீவ்' என்பது அனுமதி, விடுமுறை அன்று. மனுதாரர் எதற்கும் ஏங்கவில்லை, பணிவோடு கேட்கிறார், அவ்வளவே. வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துவந்த என் மாணவர் ஒருவர், அத்தொடரின் கம்பீரத்தில் மயங்கித் தம் தங்கையின் காய்ச்சலுக்குப் பள்ளிக்கு எழுதிய விடுப்புக் கடிதத்திலும் 'ஐ கிரேவ் லீவ்' என்று எழுதிவிட்டார். விடுமுறைக்கு நாக்கு ஊறுவதாக அல்லவா அதைப் படிக்க நேரும்? விடுப்புக் கடிதத்துக்கு 'ஐ ரிக்வெஸ்ட்' என்பதே போதுமானது.

வேலைக்கான விண்ணப்பத்திலும் இச்சொல்லைத் தவிர்க்க வேண்டும். 'ஐ கிரேவ் திஸ் ஜாப்' என்பது ஆர்வத்தைக் காட்டாமல் தவிப்பைக் காட்டும். அங்கே 'கீன்', 'ஈகர்' ஆகியவை தகும். அவற்றிலும் 'ஐ ஆம் கீன் டு லேர்ன்' என்பது அடக்கமானது. 'ஈகர்' சற்றே முந்திக்கொண்டு நிற்கும்.

மருத்துவத்தில் 'கிரேவிங்' ஒரு கலைச்சொல். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, மதுவோ போதைப்பொருளோ சார்ந்த கோளாறுகளை அறிவதற்கான அளவுகோல்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. இத்தகைய இடத்தைத் தமிழாக்கும்போது 'ஆசை' என்று எழுதினால் நோயாளியின் விருப்பம்போல ஆகிவிடும். 'வேட்கை' என்பது ஓரளவு ஈடுகொடுக்கும். மாறாக, தட்டுவடை வண்டியைப் பற்றிய வாக்கியத்தில் 'வேட்கை' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் சிரிப்பார். அங்கே 'நாக்கு கேட்கிறது' என்றே எழுதிவிடலாம்.