டாக் (கப்பல் கட்டும் துறை) எரியாமல் காக்க: நோர்யாங் கடற்போர் மாதிரி மிஷனில் எனக்கு வேலை செய்த வழி

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினி விளையாட்டின் கான்கரர்ஸ் பதிப்புக்கான குறிப்பு இது. தூரத்திலிருந்து அம்பு எய்யும் கேலியன் கப்பலை மட்டும் குவித்தால் கடற்கரை நிற்காது. எதிரியின் ஃபயர் ஷிப் (நெருப்பு உமிழும் கப்பல்) நெருங்கிவிட்டால் கேலியன் கருகும். அதனால் நாமும் ஃபயர் ஷிப் இறக்க வேண்டும். ஒன்றுக்கு 75 மரம், 45 தங்கம்.

காவிரிக்காரர்களுக்கு மதகு தெரியும்; குறுகிய நீர்வழியை அப்படி அடைத்து வையுங்கள். முன்னே ஃபயர் ஷிப், பின்னே கேலியன். கேலியனுக்கு ஸ்டாண்ட் கிரவுண்ட் (இடம் விட்டு நகராதே என்ற கட்டளை) கட்டாயம், இல்லையேல் துரத்திப்போய் எதிரி டவருக்கடியில் மூழ்கும். மோதி வெடிக்கும் டெமாலிஷன் ஷிப் தெரிந்தால் வரிசையைக் கலைத்து, தூரத்திலேயே சுடவும். ஒட்டி நின்றால் ஒரே வெடியில் பாதிப்படை காலி.

உண்மையான தலைவலி பீரங்கிக் கப்பலான கேனன் கேலியன்தான். 13 கட்டத் தொலைவிலிருந்து சுடும், நம் கோட்டையின் அம்பு அங்கே எட்டாது. ஆனால் குண்டு மெதுவாக வரும், மிக அருகில் சுடவும் முடியாது. நாலைந்து ஃபயர் ஷிப் ஒட்டிப்போனால் போதும்.

டாக் அருகே இரண்டு வில்லேஜர் (வேலையாள்) நிற்கட்டும். கரையொட்டி வந்த கப்பலைச் செப்பனிடுவது புதிதாகக் கட்டுவதைவிட மலிவு. கும்பகோணம் பக்கத்து மின்சாரத்தை நம்பாமல், அலைக்கு அலை சேவ் செய்யவும்.