ரிவெர்ப் பெடல்: அடாப்டரில் தொடங்கும் தவறுகள்

ரிவெர்ப் பெடல் (கிட்டார் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் கால்மிதிப் பெட்டி) பழுதாகிவிட்டது என்று கடைக்கு எடுத்துப்போகும் முன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை கேட்பது 9 வோல்ட் டிசி, 2.1 மி.மீ. பின், நடுமுனை நெகட்டிவ். வீட்டில் சும்மா கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டரும் அதே துளையில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அது பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பொருந்துகிறதே என்று செருகினால் உள்ளே ஏதாவது கருகலாம். அடாப்டர் மேல் சிறு வட்டப் படம் இருக்கும். அதில் மைனஸ் குறியிலிருந்து வரும் கோடு நடுப்புள்ளியைத் தொட வேண்டும்.

வோல்ட் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மில்லி ஆம்பியரும் போதுமான அளவு வேண்டும். டிஜிட்டல் ரிவெர்ப் கரண்டை நன்றாகவே குடிக்கும்: பாஸ் ஆர்வி-6 பெடல் சுமார் 95 மில்லி ஆம்பியர், ஸ்ட்ரைமன் புளூஸ்கையின் முதல் பதிப்பு 250. அடாப்டர் இதைவிட அதிகம் தருவதாக இருந்தால் கெடுதல் இல்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். குறைந்தால் விளக்கு மங்கும், ஒலி விட்டுவிட்டு வரும்.

ஒரே அடாப்டரிலிருந்து கிளை ஒயர் இழுத்து எல்லாப் பெடலுக்கும் கொடுத்தால் மெல்லிய ‘ங்ஙீ’ சத்தம் கேட்கக்கூடும். டிஜிட்டல் சில்லின் சத்தம் மின்வழியாகக் கசிந்து டிஸ்டார்ஷன் பெடலுக்குள் (ஒலியை நொறுக்கிக் கரகரப்பாக்குவது) போய்ப் பெருகுவதுதான் காரணம். ரிவெர்பை மட்டும் தனி அடாப்டரில் போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் தனித்தனியாகப் பிரித்த அவுட்புட் உள்ள பவர் சப்ளைதான் வழி.

பெடல்களை இணைக்கும் வரிசையில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: ரிவெர்புக்குப் பிறகு டிஸ்டார்ஷன் வரக் கூடாது. வந்தால் எதிரொலியின் வாலும் சேர்ந்து நொறுங்கிக் கூழாகிவிடும். வேண்டுமென்றே அப்படி வாசிப்பவர்கள் உண்டு, அது வேறு கதை. டிஸ்டார்ஷன் ஆம்பிலேயே (கிட்டார் ஒலிபெருக்கியிலேயே) இருந்தால் ரிவெர்ப் பெடலை அதற்கு முன்னால் வைக்காமல் எஃபெக்ட்ஸ் லூப்பில் (டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடலை இணைக்க ஆம்பில் உள்ள சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகள்) மாட்டுங்கள்: சென்ட் பெடலின் இன்புட்டுக்கு, பெடலின் அவுட்புட் ரிட்டர்னுக்கு. லூப்பில் சிக்னலின் வலிமையை மாற்ற +4, -10 என்று சுவிட்ச் இருந்தால் -10-இல் வையுங்கள். +4 பல பெடல்களுக்குத் தாங்காது.

இன்புட் வலப்பக்கம், அவுட்புட் இடப்பக்கம் என்பது பெரும்பாலான பெடல்களின் வழக்கம். மாற்றிச் செருகினால் ஒலி வராது. ஒரே ஆம்ப் என்றால் ஆர்வி-6-இல் ஏ என்று குறித்த ஜாக்குகளைப் பயன்படுத்துங்கள். பேட்டரியில் ஓட்டுபவர்கள் வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். அந்த ஜாக்தான் பவர் சுவிட்ச்; விளக்கு அணைந்திருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

இனி குமிழ்கள். படுக்கையறையில் தனியாக வாசித்து ‘ஆகா’ என்று வைத்த அளவு, டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டாரைக் கிணற்றுக்குள் தள்ளிவிடும். ஆம்பில் ரிவெர்ப் இருந்தால் முதலில் அதைப் பூஜ்யமாக்குங்கள். பெடலில் எதிரொலியின் அளவைக் கூட்டும் லெவல் குமிழையும் பூஜ்யத்தில் வைத்து, குழுவோடு வாசிக்கும் சத்தத்தில் மெல்ல ஏற்றுங்கள். எதிரொலி தனியாகக் காதில் விழும் இடத்திலிருந்து ஒரு துளி குறையுங்கள். கடிகார முள் கணக்கில் பெரும்பாலும் 9-க்கும் 11-க்கும் நடுவில் நிற்கும். பெடலை அணைத்தால் ஏதோ குறைகிறது என்று தோன்ற வேண்டும், போட்டால் தெரியக் கூடாது.

எதிரொலியின் வால் எவ்வளவு நேரம் நீளும் என்பதை மாற்றும் டைம் குமிழைப் பாட்டின் வேகத்தோடு பொருத்துங்கள். நிமிடத்துக்கு 80 தாள அடி என்றால் ஓர் அடி 750 மில்லி விநாடி. நான்கு அடிக்கு 3 விநாடி. நான்கு அடிக்கு ஒருமுறை கார்டு (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறினால் வால் இரண்டு, இரண்டரை விநாடிக்குள் அடங்கட்டும். இல்லாவிட்டால் பழைய கார்டும் புதிய கார்டும் உரசும். எதிரொலி தொடங்கும் முன் சிறு இடைவெளி விடும் பிரீ-டிலே குமிழ் உள்ள பெடலில் 20 முதல் 40 மில்லி விநாடி வைத்தால், பிக் படும் முதல் ஒலி தெளிவாக முன்னே வரும்; எதிரொலி அதன் பின்னால் தொடரும். அது இல்லாத ஆர்வி-6 போன்றவற்றில் டோன் குமிழைச் சற்றுக் குறைத்தாலே எதிரொலியின் கூர்மை மழுங்கிப் பின்னால் போய்விடும்.