ஒட்டு மாஞ்செடியும் ஃபேஸ்புக்கும்: தொழிலுக்காகச் சொந்தக் கதை எழுதப் பழகுவோம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி தாண்டி சந்தூர் பக்கம் வந்தால் எங்கு பார்த்தாலும் மாங்கன்று நர்சரிதான். எங்களுடையதும் அதில் ஒன்று. எல்லோரிடமும் அதே செந்தூரா, அதே பெங்களூரா, அதே அல்போன்சா. விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்தத் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. நாம் கொடுத்தது சொன்ன ரகம்தானா என்பது மரம் காய்க்கும்போதுதான் வாங்கியவருக்குத் தெரியும். ஒட்டுச்செடியாகவே இருந்தாலும் அதற்கு மூன்று, நான்கு வருடம் ஆகும். அதுவரை அவர் கையில் இருப்பது ஒரு கன்றும் நம் வாய்ச்சொல்லும்.

"தரமான மாங்கன்றுகள் கிடைக்கும், தொடர்புக்கு" என்று இரண்டு வருடம் விடாமல் பதிவு போட்டேன். கூப்பிட்டவர்கள் எல்லோரும் "ஒண்ணு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். சொந்த அனுபவத்தை எழுத ஆரம்பித்த பிறகுதான் "உங்ககிட்டயே வாங்கலாம்னு இருக்கோம்" என்று பேச்சைத் தொடங்கும் ஆட்கள் வந்தார்கள். பர்சனல் பிராண்டு என்று இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் "அவன்கிட்ட போ, நம்பலாம்" என்பார்களே, அதுதான். பர்கூரில் துணி தைப்பவருக்கும், தர்மபுரியில் டியூஷன் எடுப்பவருக்கும், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் இன்ஜினியருக்கும் வழி ஒன்றுதான்.

முதல் படி: சந்தேகத்தைப் பிடியுங்கள்

ஒரு வாரம், உங்களைக் கூப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். எனக்குக் கிடைத்தவை: ரகம் மாறாதே? நட்டு காய்ந்துபோனால் என்ன செய்வது? ஒட்டுக் குச்சி எந்த மரத்தில் எடுக்கிறீர்கள்? நீங்கள் எழுதப்போகும் கதைகளுக்கு இவைதான் வாசல். பாரூர் ஏரியில் நீச்சல் பழகிய கதையை ஒருமுறை எழுதினேன். லைக் குவிந்தது. ஒரு கன்றும் போகவில்லை. அப்படி எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் அதைத் தொழில் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது படி: பழையதைக் கிளறுங்கள்

"எனக்கு என்னங்க கதை இருக்கு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு நோட்டில் இவற்றுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்: வேலையை யாரிடம் கற்றீர்கள்? எதில் ஏமாந்தீர்கள்? எந்த வாடிக்கையாளர் உங்கள் மேல் கோபப்பட்டார்? யாரும் பார்க்காதபோது நீங்கள் செய்கிற வேலை என்ன?

கடைசிக் கேள்வியில்தான் புதையல் இருக்கிறது. நமக்கு அலுத்துப்போன வேலை அடுத்தவருக்கு அதிசயம். மாங்கொட்டையை விதைத்து வேர்ச்செடி எடுக்கிறோம். தாய்மரத்துக் குச்சியை அதில் பொருத்தி பாலித்தீன் நாடாவால் கட்டுகிறோம். அப்புறம் தினமும் பாத்தி பாத்தியாகக் குனிந்து, ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிக்கொண்டே போகிறோம். அது வேர்ச்செடியின் துளிர். விட்டுவைத்தால் அது மேலே போய்விடும், காசு கொடுத்து வாங்கிய ரகம் அமுங்கிவிடும். இந்தக் கிள்ளுகிற வேலையை ஒரு நிமிட வீடியோவாகப் போட்டேன். "எங்க வீட்டுச் செடியில கீழ இருந்து ரெண்டு கிளை வந்திருக்கே, அதுவா?" என்று கேட்டு எத்தனையோ பேர் படம் அனுப்பினார்கள்.

மூன்றாவது படி: ஒரே ஒரு கதையை எழுதுங்கள்

எழுத உட்கார்ந்ததும் மேடைத் தமிழ் வந்துவிடும். அதற்கு ஒரு மருந்து: முதலில் நண்பருக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லுங்கள். பிறகு அதைக் கேட்டுக்கொண்டே எழுதுங்கள். நான் அப்படி எழுதியது இது:

"ஏன் தம்பி, செந்தூரான்னுதானே குடுத்த? எல்லாம் மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது."

விவசாயி ஒருவர் போனில் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். 40 மரம், அத்தனையும் கிளிமூக்கு, அதாவது பெங்களூரா. நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில், லேபிள் கழன்று கிடந்த பாத்தியிலிருந்து "செந்தூராவாகத்தான் இருக்கும்" என்று நானே எடுத்துக் கொடுத்த கன்றுகள். மரங்களை வெட்டிவிட்டு, புதுத் துளிர் வந்ததும் செந்தூராக் குச்சி கொண்டுபோய் அங்கேயே ஒட்டுக் கட்டினேன். காசு வாங்கவில்லை. லேபிள் கழன்ற கன்றை இப்போது விற்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். "எங்கள் நர்சரி பல வருடமாக" என்று ஆரம்பிக்காமல் அவர் கேட்ட கேள்வியிலேயே ஆரம்பித்தேன். 40 என்ற எண் இருக்கிறது. "நிறைய மரங்கள்" என்றிருந்தால் யார் மனதிலும் நிற்காது. தப்பை மழையின் மேல் போடவில்லை. முடிவில் என் வேலையில் எது மாறியது என்று இருக்கிறது. "ரகம் மாறாதே?" என்று கேட்டவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் இரண்டு நாள் தயங்கினேன். வீட்டில், "நம்ம தப்பை நாமே தண்டோரா போடணுமா?" என்றார்கள். நியாயமான பயம்தான். சரிசெய்யாத தப்பை எழுதியிருந்தால் அவர்கள் பயந்தபடியே நடந்தும் இருக்கும். அதனால், ஒரு பிரச்சினை இன்னும் தீராமல் இருந்தால் பொறுங்கள், தீர்த்த பிறகு எழுதுங்கள். நடக்காததை மட்டும் எழுதவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் யாராவது ஒருவர் "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்று சொன்னால் போதும், கதை முடிந்தது.

நான்காவது படி: அனுமதி

அந்த விவசாயியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். பேரும் ஊரும் போடவில்லை. வாடிக்கையாளரின் முகம், பணக் கணக்கு, குடும்பச் சண்டை எதுவும் உங்கள் சொத்து இல்லை. போட்டி நர்சரிக்காரரை வில்லனாக்கும் கதையும் வேண்டாம், நாளைக்குக் குச்சி கேட்டு அவரிடமே போக வேண்டி வரும்.

ஐந்தாவது படி: எங்கே போடுவது?

எல்லாத் தளத்திலும் ஒரே நாளில் குதிக்காதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவர்களுக்கு அது சரி. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை எழுதலாம், ஆனால் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும். மீதியைப் பார்க்க அவர்கள் விரலால் தொட வேண்டும். ஆகவே கேள்வி முதல் வரியிலேயே இருக்கட்டும். நீளமாக எழுத ஃபேஸ்புக். செய்முறை காட்ட யூடியூப், ஏனென்றால் ஒட்டுக் கட்டுவது எப்படி என்று இரண்டு வருடம் கழித்துத் தேடுகிறவர் கண்ணிலும் அது படும். கம்பெனி வேலையில் இருப்பவர்கள் லிங்க்ட்இன் போங்கள். எனக்கு அங்கே வேலை இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அங்கே மட்டும் கூட்டம் சேர்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் அதோடு போனது. கதை படித்துவிட்டுக் கூப்பிடுகிறவரின் நம்பரை, அவரிடம் கேட்டுக்கொண்டு, போனில் சேமித்து, வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டு வையுங்கள். அந்தப் பட்டியல் எந்தத் தளம் போனாலும் உங்களிடம் இருக்கும்.

ஆறாவது படி: பருவம் பார்த்துப் போடுங்கள்

வாரம் ஒன்று போதும். எங்களுக்கு, மழை தொடங்கிக் குழி எடுக்கிற சமயத்தில்தான் ஆட்கள் கன்று தேடுவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே ரகம் பற்றிய கதைகளைப் போட்டுவிடுவேன். டியூஷன் ஆசிரியருக்கு அது மே மாதம், தையல்காரருக்கு தீபாவளிக்கு முன். லைக் எண்ணிக்கையைப் பார்த்து மனசு உடையாதீர்கள். கூப்பிடுகிறவரிடம் "எதைப் பார்த்துக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டு நோட்டில் குறியுங்கள். மூன்று மாதத்தில் எந்தக் கதை வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

ஏழாவது படி: பதில் சொல்லுங்கள்

குறை சொல்லி வரும் கமெண்டை அழிக்காதீர்கள். நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள்தான் அதிகம். என் 40 மரத்துக்காரர் இப்போது நான் போடும் எல்லாப் படத்துக்குக் கீழும் "லேபிள் கட்டுனியா தம்பி?" என்று கேட்கிறார். கட்டியிருக்கிறேன் அண்ணா என்று லேபிளைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அங்கேயே போடுகிறேன்.