பியாட்கி மிளகாய்: தொட்டியிலிருந்து தோசைக்கல் வரை

பெங்களூருக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு அக்கா ஒரு சட்னிக்குப் பன்னிரண்டு வற்றல் மிளகாயை ஊறப்போட்டதைப் பார்த்து எனக்குக் கண் எரிந்தது. நம் சாம்பாருக்கு நாலு குண்டு மிளகாய் கிள்ளிப் போட்டாலே போதுமே! அவர் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கையில் கொடுத்தார். நீளமாக, ஒல்லியாக, உடம்பெல்லாம் சுருக்கம். "இது நிறத்துக்கு, காரத்துக்கு இல்லை" என்றார்.

அதுதான் பியாட்கி. கடைகளில் பேடகி என்றும் சொல்வார்கள். கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்தில் இருக்கும் ஊரின் பெயர் அது. 2011-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் உதட்டுச்சாயம், நகப்பூச்சு வரை போகிறது.

விதையும் நாற்றும்

ஜூனில் விதைத்தால் ஜனவரி வெயிலில் காயவைக்கலாம், அதுதான் கணக்கு. விதைக்கடைப் பாக்கெட் நல்லது. மளிகைக்கடை வற்றலின் விதையும் சில சமயம் முளைக்கும், நம்ப முடியாது. தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சம அளவு கலந்து, கால் அங்குல ஆழத்தில் போட்டு, ஈரம் காயாமல் பாருங்கள். ஏழு முதல் பதினாலு நாளில் தலைகாட்டும். 40 நாள் ஆனதும் ஒரு பன்னிரண்டு அங்குலப் பையில் ஒரு செடி என்று மாற்றி நடுங்கள்.

அப்புறம் பெரிய வேலை இல்லை. ஆறு மணி நேர வெயில், மேல்மண் காய்ந்தால் தண்ணீர். இலை சுருண்டால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், இலைப்பேன் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். பக்கத்தில் வேறு மிளகாய்ச் செடி இருந்தால் அடுத்த வருடத்துக்கு விதை எடுக்காதீர்கள். தேனீ கலந்துவிட்டிருக்கும், முளைப்பது பியாட்கியாக இருக்காது.

பறிப்பதும் காயவைப்பதும்

இங்கேதான் அவசரக்காரர்கள் தோற்பார்கள், நானும் தோற்றேன். காய் சிவந்ததும் பறிக்கக் கூடாது. செடியிலேயே விட்டு, தோல் லேசாகச் சுருங்கி, தொட்டால் தொளதொள என்று ஆகும்வரை காத்திருங்கள். நிறம் ஆழமாவது அப்போதுதான். காம்போடு பறியுங்கள். காம்பை இழுத்துவிட்டால் அந்தத் துளை வழியாகப் பூஞ்சை நுழையும்.

பறித்ததை ஒரு நாள் நிழலில் குவித்து வையுங்கள், அரைகுறையாய்ச் சிவந்தவை முழுதாய்ச் சிவக்கும். பிறகு மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்பி, தினமும் ஒருமுறை புரட்டுங்கள். சாயங்காலம் கட்டாயம் உள்ளே எடுத்துவிடுங்கள். முதல் வருடம் ஓர் இரவு மறந்துபோனேன். பனியில் நனைந்ததை மறுநாள் வெயில் சரிசெய்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு நாளில் பாதி மிளகாய்க்குள் சாம்பல் பூத்துவிட்டது. பூஞ்சை பிடித்ததைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், குப்பைதான்.

வெயிலைப் பொறுத்து ஏழு முதல் பத்து நாள் ஆகும். காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். ஒரு கிலோ பழத்துக்குக் கால் கிலோ வற்றல் தேறினால் சந்தோஷப்படுங்கள். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால் கண்ணாடி ஜாடியை அலமாரிக்குள் வையுங்கள்.

சிவப்புச் சட்னி

மைசூர் மசாலா தோசைக்குள் தடவுவார்களே, அது. பன்னிரண்டு மிளகாயின் காம்பையும் விதையையும் நீக்கிவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெயில் மிகச் சிறு தீயில் அரை நிமிடம் புரட்டுங்கள். நிறம் எண்ணெயில்தான் கரையும், ஆனால் தீ கூடினால் கறுத்துக் கசந்துவிடும், வீடே தும்மும். கொதிக்கும் நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, கொட்டைப்பாக்கு அளவு புளி, துளி வெல்லம், உப்பு சேர்த்து, ஊறிய தண்ணீரையே கொஞ்சமாக விட்டுக் கெட்டியாக அரையுங்கள்.

காரம் போதவில்லை என்று தோன்றினால் ஒரே ஒரு குண்டு மிளகாய் சேர்த்துக்கொள்ளலாம். என் அம்மா ஊரிலிருந்து வந்தால் மூன்று போடச் சொல்வார். தோசை பாதி வெந்ததும் ஒரு கரண்டிச் சட்னியை நடுவில் வைத்து, கரண்டி முதுகால் வட்டமாக இழுத்து, ஓரமாக நெய் விடுங்கள். நெய் சிவந்து தோசையின் துளைகளில் இறங்கும்போது தீயைக் குறையுங்கள்.